ஏழாவது முழுக்கு

எங்கள் பக்கத்து மின்சார ரயிலில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குரோம்பேட்டை தாண்டி 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷன் நெருங்கினால் போதும், பெண்கள் பெட்டியில் நாலைந்து பேராவது சொல்லிவைத்தாற்போல் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். ரயில் நகர்ந்து தாம்பரம் வந்த பிறகுதான் முந்தானை இறங்கும். காற்று என்ன, ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டா வீசுகிறது? ஆனாலும் கல்யாணமாகி சேலையூருக்கு வந்த புதிதில் நானும் அப்படிச் செய்தவள்தான். 1994-ல் ஒரு நாள், அதே பெட்டியில், மூக்கை மூடிக்கொண்ட பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்த ஸ்டேஷனில் இறங்கவேண்டி வந்தது.

இத்தனை வருஷமாக இந்தப் பகுதியில் ஆவக்காய் முதல் ஆஸ்த்மா வரை எவ்வளவோ எழுதிவிட்டேன். இதை எழுதியதில்லை. வெட்கம் என்றுதான் சொல்லவேண்டும், வேறென்ன! போன மாதம் வந்த ஒரு கடிதம்தான் இப்போது எழுத வைத்தது.

மாடம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். கைக்குழந்தைக்காரி. டி.பி. என்று கண்டுபிடித்து மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாராம். இருமல் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது, நாலு கிலோ ஏறியிருக்கிறார். இந்த நேரத்தில் தெரிந்தவர்கள் அழைத்துப் போன ஒரு ஜெபக்கூட்டத்தில், "ஆண்டவர் குணமாக்கிவிட்டார் என்று விசுவாசித்த பிறகும் மாத்திரை போடுவது அவரைச் சந்தேகிப்பதாகும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அக்கா, ராத்திரி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறேன். போட்டால் அவிசுவாசமா? போடாவிட்டால்தான் விசுவாசமா?" என்று கேட்டிருந்தார்.

நிறுத்தாதே என்று அன்றைக்கே தபாலில் பதில் போட்டுவிட்டேன். பத்திரிகை வருகிறவரை பதினைந்து நாள் காத்திருக்கிற விஷயமா இது! ஆனால் ஒற்றை வரி பதில் போதாது என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் அதே கேள்வியோடு, அதே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். நான் நிறுத்தியும்விட்டேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. மகளுக்கு எட்டு மாதம். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். பிள்ளைப்பேற்று அசதி என்று நினைத்தேன். ஜாக்கெட் தொளதொளவென்று ஆனது. தையல்காரரிடம் இரண்டு முறை பிடித்துக் கொடுக்கச் சொன்னேன். "பால் கொடுக்கிறவ, இளைக்கத்தான் செய்வா" என்றார்கள். இருமலுக்குச் சுக்குக் கஷாயம், துளசி, மிளகுப் பால் என்று இரண்டு மாதம் ஓட்டினோம். ஒரு நாள் காலையில் வாஷ்பேசினில் சளியோடு ரத்தம். அப்புறம்தான் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம்.

என் வீட்டுக்காரர் பல்லாவரத்தில் கம்பெனி வேலை. அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. நாசரேத்திலிருந்து மாமியார் அடுத்த நாளே ரயிலேறி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். குழந்தை என் மடியிலிருந்து போனது அன்றைக்குத்தான். நான் சானடோரியத்தில் சேர்ந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தாம்பரத்துக்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அதை ஆரம்பித்தவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து என்ற தமிழர். இங்கிலாந்தில் படித்து, அங்கேயே மெண்டிப் மலைப் பக்கத்தில் காசநோய் விடுதி நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் படுத்துவிட்டபோது கொஞ்ச காலம் இவருடைய விடுதியில்தான் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டார். அப்பேர்ப்பட்ட டாக்டர் ஊருக்குத் திரும்பி, 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

1928 என்ற வருஷத்தைக் கவனியுங்கள். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து? ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். அதாவது டாக்டர் சௌரி முத்து படுக்கை போட்டபோது கொடுப்பதற்கு மருந்தே கிடையாது! காற்று, வெளிச்சம், ஓய்வு, பால், முட்டை. அவ்வளவுதான். கையில் மருந்து இல்லாமல் 12 கட்டில் போட்டு 'வாருங்கள்' என்று கூப்பிட ஒரு மனுஷனுக்கு எத்தனை நம்பிக்கை இருந்திருக்கவேண்டும்! வார்டில் தூக்கம் வராத ராத்திரிகளில் இதை நான் நிறைய நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் கையில் மருந்து இருந்தது. எனக்குத்தான் நம்பிக்கை இல்லை.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் மதுராந்தகம் பக்கத்து அக்கா ஒருத்தி. கூலி வேலை. சாயங்காலமானால் மெல்லிய குரலில் கீர்த்தனை பாடுவாள். இருமல் வந்தால் நிறுத்தி, இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு தெறித்த நாட்களில், "அழாத தங்கச்சி, புள்ள உன்ன மறக்காது" என்று தலையைத் தடவிக் கொடுத்தவள் அவள்தான். அவளுக்கு அது மூன்றாவது தடவை வைத்தியம். முதல் தடவை மூன்று மாதத்தில் இருமல் நின்றது, நடவு நேரம் வந்தது, கூலியை விட முடியவில்லை, மாத்திரையை விட்டாள். இரண்டாம் தடவையும் ஏறக்குறைய அதே கதை. மூன்றாம் தடவை அந்த மருந்துகளுக்குக் கிருமி அடங்கவில்லை. நான் வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் போய்விட்டாள். அவளைவிட விசுவாசமுள்ள பெண்ணை நான் பார்த்ததில்லை. இப்போதும், 'விசுவாசம் இருந்தால் வியாதி தங்காது' என்று யாராவது மேடையிலிருந்து சொன்னால் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகத்துக்கு வரும்; எழுந்து வெளியே போய்விடுவேன்.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள்தான் மாத்திரையை நிறுத்தினேன். எப்படி என்று கேட்பீர்கள்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். சளியில் கிருமி இல்லை, இனிமேல் வீட்டிலேயே மாத்திரை சாப்பிடலாம் என்று அனுப்பினார்கள். கதவைத் திறந்ததும் குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினேன். அது என்னைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பி மாமியார் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பத்து மாதக் குழந்தைக்கு என்ன தெரியும்! ஆனால் அந்த நிமிஷத்தை யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியவில்லை. வீட்டிலும் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். குழந்தையை யாரும் என்னிடம் தரவில்லை. 'தராதே' என்றும் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கப் பயம்.

நாலாம் மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு சுகமளிக்கும் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார். அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஜெபம் முடிந்ததும், "இன்றோடு மருந்தை விட்டுவிடுகிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். மாத்திரை ஒரு காரணம். ஒரு கைப்பிடி மாத்திரை, வெறும் வயிற்றில். சிவப்பு மாத்திரை போட்டால் சிறுநீரே செம்மஞ்சளாகப் போகும், பார்த்தாலே குமட்டும். குழந்தை ஒரு காரணம். 'குணமாகிவிட்டாள்' என்று ஒரே நாளில் ஆகிவிட்டால் பிள்ளையைத் தூக்கலாமே! இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. சாட்சி சொல்லவேண்டும் என்ற ஆசை. ஸ்டேஷனில் மூக்கை மூடினவர்கள் முன்னால், சபையில் எழுந்து நின்று, "ஆண்டவர் எனக்கு ஜெயம் கொடுத்தார்" என்று சொல்லவேண்டும். ஆறு மாதம் மாத்திரை தின்று தேறினவள் என்ன சாட்சி சொல்லமுடியும்? அதில் என்ன ஜோர் இருக்கிறது? ஆண்டவரை நம்பினேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது என்னமோ ஊர் பார்க்க ஒரு ஜெயம்.

பதினோரு நாள் மாத்திரை போடவில்லை. தூக்கிப்போட மனம் வராமல் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். பன்னிரண்டாம் நாள் அரிசி எடுக்கப் போன மாமியார் கையில் மாட்டியது.

என் மாமியார் அதிகம் பேசமாட்டார். ஐந்தாவது வரைதான் படிப்பு. வேதப் புத்தகமும் ஞானப்பாட்டும் தவிர வேறெதையும் படித்ததில்லை. விடிகாலை நாலரைக்கு முழங்கால் போட்டால் ஐந்தரை வரை எழுந்திருக்கமாட்டார். கையில் மாத்திரைப் பட்டைகளோடு வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏ பிள்ளே, நாகமான் எத்தன தடவ முங்குனான்?"

"ஏழு தடவை, அத்தை."

"ஆறு தடவ முங்கி எந்திரிச்சப்போ குஷ்டம் எப்படி இருந்துச்சு?"

யோசித்தேன். "அதைப் பற்றி வேதத்தில் ஒன்றும் சொல்லவில்லையே, அத்தை."

"சொல்லல. ஒருவேள கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிருக்கும். ஒருவேள அப்படியே இருந்திருக்கும். நமக்குத் தெரியாது. ஆனா அவன் ஆறோட கரையேறியிருந்தா குஷ்டக்காரனாத்தான் ஊருக்குப் போயிருப்பான். நீ எத்தனையில கரையேறிட்ட?"

வாசகிகளில் பலருக்கு இந்தக் கதை தெரியாமலிருக்கலாம். நாகமான் சீரியா தேசத்துப் படைத்தலைவன். பெரிய வீரன், ஆனால் உடம்பில் குஷ்டம். அவன் மனைவிக்கு வேலை செய்த, சிறைபிடித்து வந்த ஒரு சின்னப் பெண்தான் இஸ்ரவேலில் இருக்கும் தீர்க்கதரிசியைப் பற்றிச் சொல்கிறாள். (வீட்டு வேலைக்காரச் சிறுமி சொன்னதைக் கேட்டு ஒரு படைத்தலைவனும் ராஜாவும் அசைந்தார்கள் பாருங்கள்! நம் வீட்டில் கேட்போமா?) தீர்க்கதரிசி எலிசா வெளியேகூட வரவில்லை; யோர்தான் ஆற்றில் ஏழு தரம் முழுகச் சொல்லி ஆள் அனுப்பினார். நாகமானுக்கு மகா கோபம். அவர் வந்து நின்று, கையை அசைத்து, ஒரு பெரிய அற்புதம் நடக்கும் என்று எதிர்பார்த்தான். வெறும் ஆற்றுத் தண்ணீரா? அதுவும் ஏழு தடவையா? பெரிய காரியமாகச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, சின்னக் காரியத்தைச் செய்தால் என்ன என்று அவன் வேலைக்காரர்கள்தான் புத்தி சொல்லி இறக்கினார்கள்.

மாமியார் அதோடு விடவில்லை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, ஆயுசைக் கூட்டித் தருகிறேன் என்று ஆண்டவரே வாக்குக் கொடுத்த பிறகும், கட்டியின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டினார்களா இல்லையா என்று கேட்டார். "வாக்கு வேற, அத்திப்பழம் வேறயா? ரெண்டையும் அவர்தானே குடுத்தார்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார்.

"போன மாசமே டாக்டரம்மாகிட்ட கேட்டேன். சளியில கிருமி இல்ல, மருந்தும் ஒழுங்கா சாப்பிடுறா, பிள்ளயக் குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. எனக்குத்தான் பயம் போகல. தெனம் முழங்கால் போட்டு உனக்காகக் கேட்டேன். எந்திரிச்சு வந்து பிள்ளய ஒளிச்சு வச்சேன். உன்னச் சொல்லி என்ன!"

இருவரும் அன்று சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். மறுபடி சளிப் பரிசோதனை செய்தார். நல்லவேளையாகக் கிருமி இல்லை. விட்ட நாட்களையெல்லாம் சேர்த்துக் கணக்கை நீட்டினார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரின் தாள்களைக் கிழிப்பதை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு நாளும் நான் மாத்திரை முழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகு, அந்தத் தேதித் தாளில் பென்சிலால் ஒரு சிலுவைக் குறி போட்டு, மேலே மடித்துவிடுவார். காலை ஜெபம், மாத்திரை, அப்புறம் அவித்த முட்டை. இந்த வரிசை ஒரு நாள்கூட மாறவில்லை. ஊர் பார்க்க ஒன்றும் நடக்கவில்லை. ஒரு புதன்கிழமை டாக்டரம்மா "போதும்" என்றார்.

ஜெயம் என்ற வார்த்தையை நினைக்கும்போது எனக்கு வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் ஞாபகம் வராமல் இருக்காது. தேறிய பிறகு எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் அவர் கதையை ஒரு ஓய்வுபெற்ற நர்ஸம்மா சொல்லக் கேட்டேன். கொச்சிக்குப் பக்கத்துச் செராயில் 1925-ல் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, டாக்டராகி, மகப்பேறு மருத்துவத்தில் பேரெடுக்க ஆசைப்பட்டவர். 1954 ஜனவரியில் தோழமை டாக்டர்களோடு காரில் வெளியே போனபோது வண்டி கவிழ்ந்தது. கன்னத்தில் பெரிய தழும்பு. அதைவிட, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. வயது இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! ஒரு கிறிஸ்தவ ஆஸ்பத்திரியே ஜெபித்திருக்கும். கால் திரும்பவில்லை. அவர் இறக்கும்வரை திரும்பவில்லை. ஆனால் டாக்டர் பால் பிராண்ட் அவரிடம், குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கும் அறுவைசிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார். கைதான் நன்றாக இருக்கிறதே! சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அறுவைசிகிச்சை செய்யத் தொடங்கினார். முகத்தில் தழும்போடு, நடக்கமுடியாத டாக்டர் தங்கள் கையைப் பிடித்துப் பார்த்தபோது அந்த நோயாளிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், முடமானவர்களை மறுபடி வாழ்க்கைக்குப் பழக்கும் வைத்தியத்தைப் படித்து வந்து, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை உருவாக்கினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். மரத்திலிருந்து விழுந்து, கிணற்றில் விழுந்து, இனி அவ்வளவுதான் என்று படுத்த எத்தனையோ பேர் அங்கே போய் எழுந்து உட்காரப் பழகினார்கள்.

அவர் கேட்டது கால். அது கிடைக்கவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. 'கேட்டதெல்லாம் கிடைக்கும்' என்று சொல்லவும் வரவில்லை. பவுல் அப்போஸ்தலருக்கே அவர் மாம்சத்திலிருந்த முள் மூன்று தரம் வேண்டியும் எடுக்கப்படவில்லையே. கடிதம் எழுதிய சகோதரியே, மாத்திரை உன் கைக்கு வந்து சேர்ந்திருப்பதே நீ கேட்ட ஜெபத்துக்கு வந்த பதிலாக ஏன் இருக்கக்கூடாது? அதைக் கையில் வைத்துக்கொண்டு பதில் எங்கே என்று தேடுகிறாயே!

உன்னைப் 'சந்தேகக்காரி' என்றார்களாமே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். சந்தேகப்பட்டதற்கென்றே பேர்போன ஒரு அப்போஸ்தலர் உண்டு, தோமா. தழும்பைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். அவர் நம் பக்கத்துக்கு வந்து உயிரைக் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. பரங்கிமலைக்கு இங்கிலீஷில் அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். மலைமேல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில் 1523-ஆம் வருஷத்தது. மருந்து முடிந்த வாரம் அந்தப் படிகளை ஏறிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மூச்சு நிற்கிறதா பார்க்கலாமே என்று. மாமியார், "நாம சி.எஸ்.ஐ.காரங்க, நமக்கு மலையேற்றம் நேர்ச்ச எல்லாம் கிடையாது" என்று முனகிக்கொண்டே கூட வந்தார். பாதிப் படியில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. எனக்கு வாங்கவில்லை. குழந்தையை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். மேலே நின்றால் ஒரு பக்கம் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். தெற்கே ரயில்பாதை தாம்பரத்தைப் பார்த்து ஓடும்.

சரி, இளம் தாய்மார்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாகவேண்டும். என் காலத்தில் தெரியாமல் பட்ட கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால்தான் நிற்பேன் என்று இருந்தால், சாயங்காலக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்திருந்தால், கஷாயத்தோடு காலம் கடத்தாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கென்று மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டு வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். சாதாரண டி.பி.க்கு ஆறு மாத மருந்து. என்னைப்போல் கைப்பிடி மாத்திரை விழுங்கவேண்டாம். இப்போது நாலு மருந்தும் ஒரே மாத்திரையில் வருகிறது, எடைக்குத் தக்கபடி எத்தனை என்று கணக்கு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். நீங்களாக நிறுத்தக்கூடாது.

இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு தேறுவதுதான் இந்த நோயில் பெரிய ஏமாற்று. சுலபமாகச் சாகிற கிருமி முதலில் செத்துவிடுகிறது. ஒளிந்துகொண்டிருக்கிற மிச்சத்துக்குத்தான் பாக்கி மாதங்கள். அரைகுறையாக விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுக்க இடம் கொடுத்ததாகும். மதுராந்தகத்து அக்காவுக்கு நடந்தது அதுதான்.

தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டியதில்லை. இது தட்டில் பரவுகிற நோயில்லை, இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் பரவுவது. முதல் சில வாரம் வாயை மூடிக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டியதில்லை, முகத்தில் துணி கட்டிக்கொண்டு கொடுக்கலாம். குழந்தையை டாக்டரிடம் காட்டி, நோய் வராமல் தடுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சானடோரியத்துக்காரர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் அதிகம். ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. 1959-ல் வெளியான அந்த முடிவுதான், உலகம் முழுக்க எத்தனையோ தாய்மார்கள் பிள்ளையைப் பிரியாமல் வைத்தியம் பார்த்துக்கொள்ள வழி செய்தது. நம் மெட்ராஸில் நடந்த காரியம்! 1994-ல் எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம்.

ஜெபக்கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் போகிறவள்தான். மாத்திரை போட்டுவிட்டுப் போங்கள்.

கடிதம் எழுதிய பெண் போன வெள்ளிக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து நேரிலேயே வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை, பையில் மாத்திரை. நடுவில் மூன்று நாள் விட்டிருந்தாளாம். என் தபால் கிடைத்ததும் ஓடிப்போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். கூட வந்த அவள் மாமியார் வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்து அழைத்து, இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

என் மாமியார் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த 1994 காலண்டரை அவருடைய வேதப் புத்தகத்தோடு துணியில் சுற்றி வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். பென்சில் குறிகள் மங்கிவிட்டன. வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது. நடுவில் பதினோரு தாள் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பெண் அந்தத் தாள்களைத்தான் ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் மாமியார், "எங்க வீட்டுலயும் காலண்டர் இருக்கு" என்றார்.

அவளுக்கு இன்னும் 50 நாள் பாக்கி.